பிலிப்பைன்ஸ் ஓவியமும் சிற்பமும்: காட்சிப்பொருள் எது, கருப்பொருள் எது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மணிலா அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள், கலை ரசனையைப் பாடமாகப் படிக்கிறவர்கள், படம் பார்த்துக் கட்டுரை எழுதுகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. ஒவ்வொரு பதிலிலும் குறைந்தது ஒரு படைப்பையாவது எடுத்துக்கொண்டிருக்கிறோம். படத்தைத் திரையில் திறந்து வைத்துக்கொண்டு படித்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

காட்சிப்பொருள், கருப்பொருள் இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. படத்தில் என்ன இருக்கிறது என்பது காட்சிப்பொருள். அதைக் கொண்டு படம் என்ன சொல்கிறது என்பது கருப்பொருள். முன்னதை இரண்டு மூன்று சொற்களில் சொல்லிவிடலாம். பின்னதற்கு முழு வாக்கியம் வேண்டும்.

ஃபெர்னாண்டோ அமோர்சோலோ 1922இல் வரைந்த நாற்று நடும் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வயலில் குனிந்து நடும் ஆண்களும் பெண்களும் காட்சிப்பொருள். கருப்பொருள் என்று கேட்டால் பலர் 'உழைப்பு' என்று ஒரே சொல்லில் எழுதிவிடுகிறார்கள். அது பேச்சின் தலைப்புதான், பேச்சு இல்லை. உழைப்பைப் பற்றி என்ன சொல்கிறது? அமோர்சோலோவின் படங்களில் வெயில் ஆட்களுக்குப் பின்னாலிருந்து வரும். தலையிலும் தோளிலும் ஓலைத் தொப்பியின் விளிம்பிலும் பொன் கோடு போல ஒளி படியும். முகத்தில் களைப்பு இருக்காது, சேறுகூட அழகாகத்தான் இருக்கும். ஆகவே, 'நாட்டுப்புற உழைப்பு துன்பமற்ற, ஒளி நிறைந்த வாழ்க்கை' என்று எழுதலாம். இது ஒரு வாக்கியம். ஒத்துக்கொள்ளவும் மறுக்கவும் இடம் இருக்கிறது. அமெரிக்க ஆட்சிக் காலத்தில் மணிலா நகரம் வேகமாக மாறிக்கொண்டிருந்தபோது இந்தக் கிராமம் வரையப்பட்டது என்பதையும் சேர்த்துக்கொண்டால் வாக்கியத்துக்கு இன்னும் கனம் கூடும்.

ஒரே காட்சிப்பொருள் என்றால் கருப்பொருளும் ஒன்றாகத்தானே இருக்கும்?

அப்படி இருந்தால் இந்தப் பக்கமே தேவையில்லை. கத்தோலிக்கர் மிகுந்த நாட்டில் தாயும் குழந்தையும் ஓயாமல் வரையப்பட்ட காட்சி. இரண்டு படங்களை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள்.

மடோனா என்றால் குழந்தை ஏசுவோடு இருக்கும் மேரி. கலோ ஒகாம்போ 1938இல் வரைந்த 'பழுப்பு மடோனா'வில் அவள் தோல் ஐரோப்பிய வெள்ளை இல்லை, உள்ளூர்ப் பழுப்பு. உடுத்தியிருப்பதும் உள்ளூர் உடை. தலைக்குப் பின்னால் பொன் வட்டத்துக்குப் பதிலாக அனகாவ் பனையின் விசிறி போன்ற இலை. முந்நூறு ஆண்டுக்கு மேலாக ஸ்பானிய முகத்தோடு வந்த சாமிக்கு நம் ஊர் முகம் ஏன் கூடாது என்பதுதான் படத்தின் வாதம்.

விசென்டே மனன்சாலாவின் 'சேரி மடோனா' 1950ஆம் ஆண்டுப் படம். தாய், குழந்தை, தலையில் முக்காடு எல்லாம் உண்டு. பின்னணியில் போரில் நொறுங்கிய மணிலாவில் எழுந்த ஒட்டுக் குடிசைகள். முகத்தில் அருள் இல்லை, அச்சம் இருக்கிறது. 'மடோனா' என்ற பெயரை ஒரு சேரித் தாய்க்குக் கொடுத்ததிலேயே கேள்வி வந்துவிடுகிறது: போற்றப்படும் தாய்மை இந்தச் சந்துக்குள் எப்படி உயிர் பிழைக்கிறது?

உழைப்பிலும் இதே கதைதான். விக்டோரியோ எடாடெஸ் 1928இல் மணிலாவில் காட்சிக்கு வைத்த 'கட்டுநர்' படத்தில் கல்லோடும் மரத்தோடும் மல்லுக்கட்டும் தொழிலாளர்கள் மங்கலான மண் நிறத்தில், உடல் கோணி, தசை முறுக்கி நிற்கிறார்கள். அமோர்சோலோவின் பொன் வெயிலுக்குப் பழகிய கண்களுக்கு அது அசிங்கமாகப் பட்டதில் வியப்பில்லை. பிலிப்பைன்ஸில் நவீன ஓவியச் சண்டை அங்கேதான் சூடு பிடித்தது.

'ஸ்போலியாரியம்' ரோமாபுரியைப் பற்றிய படம். அதை எப்படி பிலிப்பைன்ஸின் படம் என்கிறார்கள்?

இந்தப் பாடத்தில் அதிகம் கேட்கப்படும் கேள்வியும் அதிகம் தவறாக விடை எழுதப்படும் கேள்வியும் இதுதான். ஆகவே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ஹுவான் லூனா ரோமில் இருந்தபோது வரைந்த எண்ணெய் வண்ண ஓவியம் இது. உயரம் 4.22 மீட்டர், அகலம் சுமார் 7.7 மீட்டர். 1884இல் மாட்ரிட் தேசிய நுண்கலைக் கண்காட்சியில் தங்கப் பதக்கம் பெற்றது. அதே கண்காட்சியில் ஃபெலிக்ஸ் ஹிடால்கோ என்ற இன்னொரு பிலிப்பைன்ஸ் ஓவியருக்கு வெள்ளி கிடைத்தது. ரோமானிய விளையாட்டரங்குகளின் அடித்தளத்தில், செத்த வாள்வீரர்களின் கவசத்தையும் உடைமையையும் உருவும் அறைக்குப் பெயர்தான் ஸ்போலியாரியம்.

காட்சிப்பொருளில் தகராறு இல்லை. இடப்பக்கம் படிக்கட்டில் நெருக்கியடித்து எட்டிப் பார்க்கும் கூட்டம். நடுவில் கயிறு கட்டிப் பிணங்களை இழுத்துவரும் ஆட்கள். வெளிச்சம் முழுவதும் அங்கேதான் விழுகிறது. வலப்பக்கம் இருட்டு: தீப்பந்தத்தோடு யாரையோ தேடும் முதியவர், தரையில் சரிந்து முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும் ஒரு பெண். அவள் முகம் நமக்குத் தெரிவதே இல்லை. படத்தை இடமிருந்து வலமாகப் படித்தால் வேடிக்கை, வேலை, துக்கம் என்று மூன்றும் வரிசையாக வருகின்றன.

இதில் பிலிப்பைன்ஸ் எங்கே? கித்தானில், அதாவது படம் வரைந்த துணியில், இல்லை. 'நடுவில் கிடப்பவன் பிலிப்பைன்ஸ்காரன்' என்று எழுதுவது தவறு. பிலிப்பைன்ஸ் வந்து சேர்வது சூழலிலிருந்து. படம் வரையப்படும்போது தீவுகள் ஸ்பெயினின் ஆட்சியில் இருந்தன. 1872இல் கோமெஸ், புர்கோஸ், சமோரா என்ற மூன்று உள்நாட்டுப் பாதிரியார்களை மணிலாவில் கழுத்தை நெரிக்கும் கருவியில் வைத்துக் கொன்றிருந்தார்கள். 1884 ஜூன் 25 அன்று மாட்ரிட்டில் லூனாவையும் ஹிடால்கோவையும் பாராட்ட நடந்த விருந்தில், இன்று பிலிப்பைன்ஸின் தேசிய வீரராகப் போற்றப்படும் எழுத்தாளர் ஹொசே ரிசால் பேசினார். மேதைமை எந்த இனத்துக்கும் தனிச்சொத்து இல்லை என்பது அந்தப் பேச்சின் சாரம். ஸ்போலியாரியத்தின் பின்னால் ஒடுக்கப்பட்ட தன் மக்களைக் கண்டதாக அவரைப் போலவே சீர்திருத்தம் கேட்ட லோபெஸ் ஹயேனாவும் சொன்னார். அன்று முதல் அந்த வாசிப்பு படத்தோடு ஒட்டிக்கொண்டது.

எனவே சரியான விடை இரண்டு தளத்தில் அமையும். படத்தின் அளவில் கருப்பொருள்: வலியவர்களின் கேளிக்கைக்காகச் செத்தவர்களுக்குச் சாவிலும் மரியாதை இல்லை. வரலாற்றின் அளவில்: காலனி மக்கள் அதில் தங்கள் நிலையைக் கண்டார்கள். இரண்டையும் குழப்பாமல், எது கித்தானிலிருந்து வந்தது, எது வரலாற்றிலிருந்து வந்தது என்று பிரித்துக் காட்டினால் போதும்.

படத்தின் முன் போய் நின்றதும் எங்கிருந்து தொடங்குவது?

பிலிப்பைன்ஸில் பரவலாகக் கற்பிக்கப்படுவது விமர்சகர் ஆலிஸ் கிலேர்மோ வகுத்த நான்கு தளங்கள். அதை நடைமுறைக்கு இப்படிச் சுருக்கலாம்.

முதலில் பொருளும் கைவேலையும். எண்ணெய் வண்ணமா, நீர்வண்ணமா, மரமா, சிமெண்டா? அளவு என்ன? கோடு தடிமனா மெல்லியதா, ஒளி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது? ஐந்து நிமிடம் இதைத் தவிர வேறெதையும் யோசிக்காதீர்கள்.

அடுத்தது உருவம். யார் நடுவில், யார் ஓரத்தில், யார் நம்மைப் பார்க்கிறார், யார் முதுகைக் காட்டுகிறார், எது படச்சட்டத்தின் ஓரத்தில் வெட்டுப்பட்டிருக்கிறது.

மூன்றாவது சூழல். ஆண்டைப் பாருங்கள். 1565 முதல் 1898 வரை ஸ்பெயின், பிறகு 1946 வரை அமெரிக்கா, இடையில் 1942 முதல் 1945 வரை ஜப்பான், 1972 செப்டம்பரில் அதிபர் மார்க்கோஸின் இராணுவச் சட்டம். இந்த நான்கு கோடுகளை மனதில் வைத்துக்கொண்டால் பெரும்பாலான படங்களுக்கு வழி திறந்துவிடும்.

கடைசியில்தான் மதிப்பீடு: படம் யார் பக்கம் நிற்கிறது, சொல்ல வந்ததைச் சரியாகச் சொல்லியிருக்கிறதா?

பெரும்பாலோர் இரண்டாவதிலிருந்து நேராக நான்காவதுக்குத் தாவுகிறார்கள். 'அழகாக இருக்கிறது', 'சோகமாக இருக்கிறது' என்ற வெற்று வாக்கியங்கள் அப்படித்தான் பிறக்கின்றன.

தலைப்பை எந்த அளவுக்கு நம்பலாம்?

தலைப்பு ஒரு சாட்சி. சாட்சி சொல்வதையெல்லாம் தீர்ப்பாக எழுத முடியாது.

லூனாவின் 'ஸ்பெயினும் பிலிப்பைன்ஸும்' (1886) இரண்டு பெண்கள் படியேறும் ஓவியம். இருவரும் நமக்கு முதுகு காட்டுகிறார்கள். உயரமான ஸ்பெயின் இன்னொருத்தியை அணைத்தபடி, மறு கையால் தொலைவில் இருக்கும் வெளிச்சத்தைக் காட்டுகிறாள். 'பிலிப்பைன்ஸை வழிநடத்தும் ஸ்பெயின்' என்றும் இதற்குப் பெயர் உண்டு. முதல் பெயரில் இருவரும் தோழிகள், இரண்டாவதில் ஒருத்தி ஆசிரியை. ஸ்போலியாரியம் வரைந்த அதே கை இரண்டே ஆண்டில் இதையும் வரைந்திருக்கிறது. லூனாவை ஒரேயடியாகப் புரட்சிக்காரர் என்று எழுதுகிறவர்கள் இந்தப் படத்தைத் தவிர்த்துவிடுவார்கள். சீர்திருத்தம் கேட்ட அந்தத் தலைமுறை ஸ்பெயினிடம் சமத்துவத்தை எதிர்பார்த்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் இரண்டு படமும் ஒரே மனிதருடையவை என்பது புரியும்.

சின்ன விவரம் ஒன்றே கருப்பொருளை முடிவு செய்யுமா?

செய்யும். அந்திப்பாஸ் தெலோத்தாவோ 1978இல் தீட்டிய 'மாங் ஹுவானின் இதயத்தில் வெட்டுக்கத்தி' நல்ல சான்று. நீர்வண்ணம். வயதான, மெலிந்த ஒரு தொழிலாளி நடந்து போகிறார். 'மாங்' என்பது பெரியவர்களுக்கு மரியாதைக்காகச் சேர்ப்பது. ஹுவான் என்பது ஊருக்கு நாலு பேருக்கு இருக்கும் பெயர். அவருக்குப் பின்னால் சுவர் முழுக்கக் கோகோ-கோலா விளம்பரத்தின் சிவப்பு எழுத்து.

இதுவரை தெருக்காட்சிதான். இப்போது அந்த எழுத்தின் சுருண்ட வால் எங்கே முடிகிறது என்று பாருங்கள். கூர்முனை நேராக அவர் மார்பில் வந்து நிற்கிறது. தலைப்பில் சொன்ன கத்தி வேறெங்கும் இல்லை, அந்த வால்தான். தொழிலாளியை ஒரு விரற்கடை தள்ளி வரைந்திருந்தால் வெறும் விளம்பரச் சுவராகப் போயிருக்கும். பன்னாட்டு மூலதனம் உள்ளூர் உழைப்பாளியைக் குத்துகிறது என்ற கருப்பொருள் முழுக்க அந்த ஒரு முனையில் தொங்குகிறது. தெலோத்தாவோ 1976இல் உருவான 'கைசாஹான்' குழுவைச் சேர்ந்தவர். இராணுவச் சட்டக் காலத்தில் சமூக யதார்த்தவாதத்தைக் கையிலெடுத்த ஓவியர்கள் அவர்கள்.

அப்படியென்றால் ஒவ்வொரு படத்திலும் மறைபொருள் தேட வேண்டுமா?

வேண்டாம். இதுதான் இன்னொரு ஓரத்தில் இருக்கும் பள்ளம். லூனாவின் 'பாரிஸ் வாழ்க்கை' (1892) ஒரு காபிக்கடையில் தனியாக அமர்ந்திருக்கும் பெண்ணின் படம். மூலையில் மூன்று ஆண்கள். 2002இல் பிலிப்பைன்ஸ் அரசு ஊழியர் காப்பீட்டு நிறுவனம் இதை 4.6 கோடி பெசோவுக்கு வாங்கியபோது பெரிய சர்ச்சை எழுந்தது. அந்தப் பெண்ணின் உருவத்தைத் திருப்பிப் பார்த்தால் பிலிப்பைன்ஸ் வரைபடம் போல இருக்கிறது என்றொரு விளக்கம் சுற்றிக்கொண்டிருக்கிறது. எங்கள் கணிப்பில் அது நிற்காது. தெலோத்தாவோவின் கூர்முனையைப் படமும் தலைப்பும் சேர்ந்து சுட்டுகின்றன. இந்த வரைபடத்தை இரண்டுமே சுட்டவில்லை. ஒரு வாசிப்பைச் சோதிக்க இந்த அளவுகோல் போதும்: படத்துக்குள்ளிருந்து ஒரு சான்று, வெளியிலிருந்து ஒரு சான்று. ஒன்றுமட்டும் இருந்தால் 'இப்படியும் பார்க்கலாம்' என்று எழுதுங்கள். இரண்டும் இல்லையென்றால் எழுதாதீர்கள்.

உருவமே இல்லாத அரூப ஓவியத்துக்குக் காட்சிப்பொருள் என்ன எழுதுவது?

உருவம் இல்லையென்றால் 'காட்சிப்பொருள் இல்லை. நிறமும் வடிவமுமே பொருள்' என்று தைரியமாக எழுதலாம். மேகம் மாதிரி, மீன் மாதிரி என்று ஊகிப்பதால் மதிப்பெண் குறையுமே தவிர கூடாது. பிலிப்பைன்ஸ் பண்பாட்டு மையத்தின் பெரிய அரங்கில் தொங்கும் திரை ஹெர்னாண்டோ ஒகாம்போவின் 'ஆதியாகமம்' ஓவியத்தை வைத்து நெய்யப்பட்டது. சிவப்பும் ஆரஞ்சும் மஞ்சளும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு கொதிக்கும் வடிவங்கள். தலைப்பும் நிறத்தின் வெப்பமும் சேர்ந்து தோற்றம், பிறப்பு என்ற கருப்பொருளுக்கு வழிகாட்டுகின்றன. அதற்கு மேல் போக வேண்டியதில்லை.

சிற்பத்துக்கும் பழைய கைவினைப் பொருளுக்கும் இதே முறை ஒத்துவருமா?

சிற்பத்துக்கு அப்படியே ஒத்துவரும். கிலேர்மோ தொலெந்தினோ 1935இல் பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகத்துக்காகச் செய்த 'ஒப்லேஷன்' (காணிக்கை) கை விரித்து, முகம் உயர்த்தி, ஆடையின்றி நிற்கும் இளைஞன். உயரம் மூன்றரை மீட்டர். தன்னையே நாட்டுக்குக் கொடுக்கும் தியாகம் கருப்பொருள். ரிசாலின் கடைசிக் கவிதையின் இரண்டாம் பாட்டிலிருந்து பிறந்தது என்பதால் வெளிச் சான்றும் வலுவாக இருக்கிறது.

பழங்குடிப் பொருள்களுக்கு வரும்போது ஒரு கேள்வியை முன்னால் வைக்க வேண்டும்: இது எதற்காகச் செய்யப்பட்டது? பலாவான் தீவில் 1964இல் கிடைத்த மனுங்குல் ஜாடி கிறிஸ்துவுக்கு முன் 890க்கும் 710க்கும் இடைப்பட்ட காலத்தது. மூடியின் மேல் ஒரு படகு, படகில் இருவர். பின்னால் இருப்பவர் துடுப்புப் போடுகிறார். துடுப்பு உடைந்து போய்விட்டது, பிடித்த கை மட்டும் இருக்கிறது. முன்னால் இருப்பவர் இரு கைகளையும் மார்பின் குறுக்கே மடித்திருக்கிறார். படகுப் பயணம் என்று காட்சிப்பொருளை எழுதி நிறுத்தினால் பாதியில் நின்றுவிட்டீர்கள். அது எலும்புகளை இரண்டாம் முறை அடக்கம் செய்யும் தாழி. இறந்தவர்களின் கைகளை அப்படி மடித்து வைக்கும் வழக்கம் தீவுகளில் பரவலாக இருந்தது. பயன் தெரிந்ததும் படகு மறுவுலகுக்குப் போகும் ஓடமாகிவிடுகிறது. முதுமக்கள் தாழி பார்த்துப் பழகிய தமிழ் வாசகருக்கு இதை அதிகம் விளக்க வேண்டியிருக்காது.

இஃபுகாவோ மக்களின் 'புலுல்' மரப்பாவைகளும் அப்படித்தான். கண்ணாடிப் பெட்டிக்குள் 'உட்கார்ந்த மனிதன்' போலத் தெரியும். நெற்களஞ்சியத்தில் வைத்துச் சடங்கில் பன்றி இரத்தம் பூசிய காவல் உருவம் என்று தெரிந்தால்தான் அந்தக் கறுத்த படிவு அழுக்கு இல்லை என்பது விளங்கும்.

காட்சிப்பொருளே என்னவென்று தெரியாத படைப்புகள் உண்டா?

உண்டு. 1917இல் மிந்தனாவோ தீவின் அகுசான் பகுதியில் கிடைத்த பொற்சிலை: 21 காரட், ஏறக்குறைய 1.8 கிலோ, சம்மணமிட்ட பெண் உருவம். இப்போது சிகாகோ ஃபீல்டு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பௌத்தப் பெண் தெய்வமான தாரா என்கிறார்கள், இந்து தேவி என்றும் சொல்கிறார்கள். இப்படிப்பட்ட இடத்தில் 'இந்திய மரபுத் தாக்கமுள்ள பெண் தெய்வம்' என்று எழுதி, இரண்டு கருத்தும் இருப்பதைச் சொல்லிவிடுவது நல்லது. ஒன்றைத் தேர்ந்து அதன் மேல் கருப்பொருளைக் கட்டினால் அடித்தளம் ஆடும்.

ஓவியர் ஒரு பக்கம், படம் இன்னொரு பக்கம் நிற்க முடியுமா?

முடியும். எஸ்தெபான் வில்லானுவேவா 1821இல் வரைந்த பதினான்கு படங்கள் வட பிலிப்பைன்ஸின் இலோகோஸ் பகுதியில் 1807இல் நடந்த பாசிக் கலகத்தைக் காட்டுகின்றன. பாசி என்பது கரும்புச்சாற்றில் காய்ச்சும் மது. அரசு அதன் விற்பனையைத் தன் ஏகபோகமாக்கிக்கொண்டதுதான் கலகத்துக்குக் காரணம். ஊர்வலம், மோதல், கடைசியில் கலகக்காரர்களுக்குத் தண்டனை என்று வரிசை போகிறது. சில படங்களின் வானத்தில் வால்நட்சத்திரம் தெரிகிறது. அந்த ஆண்டு உண்மையிலேயே ஒன்று தோன்றியது. வரிசையை முடிவிலிருந்து பார்த்தால் 'கலகம் செய்தால் இதுதான் கதி' என்ற எச்சரிக்கை. இன்றைய பார்வையாளருக்கோ அது எதிர்த்து நின்றவர்களின் ஆவணம். கட்டுரையில் 'அன்றைக்கு', 'இன்றைக்கு' என்று இரண்டு வாக்கியமாகப் பிரித்து எழுதுங்கள்.

கட்டுரையில் எத்தனை வரி, எந்த வரிசை?

ஒரு படைப்புக்கு ஏழெட்டு வாக்கியம் போதும். ஓவியர், ஆண்டு, ஊடகம், அளவு ஒரு வாக்கியம். காட்சிப்பொருள் இரண்டு. கண்ணில் படும் சான்று இரண்டு அல்லது மூன்று. சூழல் ஒன்று. கருப்பொருள் ஒன்று, கடைசியில். கருப்பொருளை முதலில் எழுதிவிட்டுச் சான்று தேடப் போனால் ஒத்துவராத விவரங்கள் கண்ணில் படாமலேயே போய்விடும். 'ஏழ்மை', 'தேசப்பற்று', 'நம்பிக்கை' என்ற மூன்று சொற்களும் எந்தப் படத்துக்கும் பொருந்தும். அதனாலேயே அவற்றைத் தனியாக எழுதக் கூடாது. ஓவியர் பென்காப் 1960களிலிருந்து வரைந்துவரும் 'சபெல்' என்ற தெருப்பெண்ணைப் பற்றி எழுதும்போது 'ஏழ்மை' என்று முடித்தால், அவள் சுற்றிக்கொண்ட பிளாஸ்டிக் தாள்கள் நாட்டியக்காரியின் உடை போல மடிந்து விரிவதை விட்டுவிடுவீர்கள். படத்தின் விசேஷமே அதுதான்.

புகைப்படத்தைப் பார்த்து எழுதினால் போதாதா?

கருப்பொருளுக்கு ஓரளவு போதும், அளவுக்குப் போதாது. ஸ்போலியாரியத்தில் ஆட்கள் ஏறக்குறைய ஆளுயரத்துக்கு இருக்கிறார்கள். கைபேசித் திரையில் அது எறும்பளவு. மணிலாவின் தேசிய நுண்கலை அருங்காட்சியகத்தில் அது தரைத்தளத்திலேயே இருக்கிறது, நுழைவுக் கட்டணம் இல்லை. முதலில் மண்டபத்தின் எதிர்க்கோடி வரை பின்னால் போய் முழுப் படத்தையும் பாருங்கள். பிறகு வலது மூலைக்கு நெருங்கி வாருங்கள். அச்சில் அந்தப் பகுதி பெரும்பாலும் வெறும் கறுப்பாகிவிடும். முதியவரும் தீப்பந்தமும் நேரில்தான் துலங்குவார்கள். பாசிக் கலகப் படங்களுக்கு வீகன் நகருக்கும், சபெலுக்குப் பாகியோவுக்கு அருகே தூபாவில் உள்ள பென்காப் அருங்காட்சியகத்துக்கும் போக வேண்டும். தெலோத்தாவோ படத்தை அச்சிலேயே பார்க்கிறீர்கள் என்றால் ஓரம் வெட்டப்படாத பிரதியா என்று மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். எழுத்து முழுதாகத் தெரியாவிட்டால் கத்தியும் இருக்காது.